நோட்டின் பின்பக்கம்

எங்கள் பெரியப்பா எதையும் முறையாகச் செய்கிறவர். பெரியம்மாவின் தம்பி கடை வைக்க இரண்டு லட்சம் கேட்டபோது, பேங்க் மூலம் பணத்தை அனுப்பிய கையோடு புரோநோட் எழுதி வாங்கினார். "என் தம்பிகிட்டயே எழுதி வாங்குவீங்களா?" என்று பெரியம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது" என்ற பழைய வாசகம், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, ரெவின்யூ ஸ்டாம்பில் பாதியும் தாளில் பாதியுமாகக் கையெழுத்து, இரண்டு சாட்சி. தம்பி அவ்வப்போது ஐந்தோ பத்தோ ஆயிரம் கொண்டுவருவார். பெரியப்பா பீரோவைத் திறந்து, நோட்டின் பின்பக்கம் முத்து முத்தாக 'வரவு ரூ.5,000' என்று தேதி போட்டு எழுதுவார். தம்பி காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்.

நாலாம் வருஷம் வரவு நின்றது. வக்கீலிடம் போனோம். முன்பக்கத்தைப் படித்துத் தலையாட்டியவர், திருப்பிப் பார்த்தார். "இதுல அவர் கையெழுத்து எங்கே?"

அங்கேதான் இடித்தது. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுதான் ஆயுள். அதற்குள் வழக்குப் போட்டாக வேண்டும். இடையில் ஒரு தொகை கட்டினால், கட்டிய நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு கிடைக்கும். ஆனால் அந்த வரவை, கடன் வாங்கியவர் தன் கைப்பட எழுதியிருக்க வேண்டும். இல்லை, கையெழுத்தாவது போட்டிருக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டின் கால வரையறைச் சட்டம் கேட்பது அதைத்தான். கொடுத்தவரே எழுதிக்கொண்டது அவர் வீட்டுக் கணக்கு, அவ்வளவே.

ஸ்டாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு பல பத்திரங்களில் முத்திரைக் கட்டணம் குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்ப் இல்லாத நோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. வட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். 'சொந்தக்காரர்தானே' என்று வட்டி விகிதத்தை எழுதாமல் விட்டால் வட்டியே இல்லை என்று ஆகிவிடாது. பணம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். வட்டி வேண்டாமென்றால் 'வட்டி இல்லை' என்றே எழுதிவிடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவர் தலையில் அதே அளவு அபராதம் விழலாம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கொடுப்பவர் கவலை. வாங்குபவரின் ஆபத்து இன்னும் பெரிது. அவசரத்துக்குப் போய் நிற்பவரிடம், ஒன்றும் எழுதாத தாளில் ஸ்டாம்பை ஒட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். அப்படிக் கையெழுத்திட்டால் அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஐம்பதாயிரம் வாங்கியவர் ஐந்து லட்சத்துக்குப் பதில் சொல்லும்படி ஆகும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வெற்று நோட்டு வாங்கும் பழக்கம் மட்டும் ஒழிந்தபாடில்லை. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் தீர்ந்த அன்றே, 'பைசல்' என்று எழுதி வாங்கி, நோட்டையும் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெரியப்பாவுக்குப் பாதிப் பணம் வந்தது. அதுவும் பெரியம்மா தம்பி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்ததால். உங்கள் பீரோவில் யாருடைய நோட்டாவது இருந்தால், இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். பின்பக்கத்தையும்.