உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சுக்குள் புளூட்டோனியம்

இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் ஒருகாலத்தில் அணு பேட்டரியிலும் ஓடியது. 1970இல் பாரிஸில் பொருத்திய கருவியில் இருந்தது புளூட்டோனியம்-238. அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும். கதிர்வீச்சு ஆபத்தில்லையா என்பீர்கள். அதன் ஆல்ஃபா கதிர்களை உலோக உறையே தடுத்துவிடும். சிதைத்தீயையும் தாங்கும்படி உறையை வடிவமைத்தார்கள். சிக்கல் வேறு: நோயாளி இறந்ததும் கருவியைத் தவறாமல் மீட்க வேண்டும். 1965இல் நந்தாதேவி மலையில் தொலைந்த உளவுக் கருவியின் புளூட்டோனியமே இன்னும் கிடைக்கவில்லை. திருவண்ணாமலையில் ஒரு தகனம் முடிந்து, அஸ்தியையும் கரைத்துவிட்டால் எங்கே தேடுவது? பல ஆண்டுகள் உழைக்கும் லித்தியம் பேட்டரி வந்ததும் (அது தீயில் வெடிக்கும் என்பதால் அதையும் தகனத்துக்கு முன் எடுத்தாக வேண்டும்) மருத்துவர்கள் அதற்கு மாறியது சரியே. இப்போது ஆய்விலிருக்கும் நிக்கல்-63 பேட்டரி வெளியிடுவது வலுக்குறைந்த பீட்டா கதிர்தான். ஆனாலும் மீட்பதற்கான ஏற்பாடு முடிந்த பிறகே அதை நெஞ்சில் வைக்கலாம்.