வட்டத்தில் அமர்ந்த மூன்று நாள்

வஹகோட்டையைப் பலர் திருவிழாவினால் அறிவர். மாத்தளை மாவட்டத்திலுள்ள இச்சிற்றூரின் புனித அந்தோனியார் கோயிலுக்கு ஆனி மாதத்தில் நாடெங்கிலுமிருந்து அடியார்கள் வருவர். சிங்களமும் தமிழும் அக்கோயில் வெளியில் ஒருங்கே ஒலிக்கும். கண்டி அரசர் காலத்தில் இங்கே குடியேறிய போர்த்துக்கேய வழியினரின் மரபில் வந்தோம் என்று ஊரார் பலர் கூறிக்கொள்வர். நான் இங்கே குடியிருக்கும் தமிழ்ப் பண்டிதன். மழை நாளில் புத்தகமும் வெயில் நாளில் தோட்டமுமாகக் காலங்கழிக்கும் ஆசிரியன். உளவியல் எனக்குரிய துறையன்று. ஆயினும் சென்ற ஆண்டு அத்துறை மாணவர்களோடு மூன்று நாள் அமர்ந்திருக்கும் வாய்ப்பொன்று தானாக வந்து சேர்ந்தது.

உளவியல் பயிலும் மாணவர் பன்னிருவர் ‘உணர்திறன் பயிற்சி’ என்னும் ஒன்றுக்காக எங்கள் ஊருக்கு வந்திருந்தனர். அவருட் பாதிப்பேர் சிங்களம் பேசுவோர், மீதிப்பேர் தமிழர். இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் வேண்டுமென்று என்னை அழைத்தனர். நூலொன்றை மொழிபெயர்ப்பது போன்றதே இதுவும் என்றெண்ணிச் சென்றேன்.

முதல் நாட் காலையில் நாற்காலிகள் வட்டமாக இடப்பட்டிருந்தன. பயிற்றுநர் வந்தார், அமர்ந்தார், தம் பெயரைச் சொன்னார், மௌனமானார். பாடமில்லை, தலைப்பில்லை, கரும்பலகையுமில்லை. ஐந்து நிமிடம் சென்றது, பத்து நிமிடம் சென்றது. வகுப்பறையில் அரை நிமிட மௌனத்தையும் பொறாத எனக்கு அது பெருந்துன்பமாயிற்று. ஒருவன் நகம் கடித்தான். ஒருத்தி கூரையை நோக்கினாள். ஈற்றில் ஒரு மாணவன், “இங்கே என்னதான் செய்யப் போகிறோம்?” என்று சற்றுச் சினத்தோடு கேட்டான். “நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதுதான்” என்றார் பயிற்றுநர். அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை.

பின்னர் நூல்களைப் புரட்டி அறிந்ததைச் சொல்கிறேன். ஜேர்மனியிலிருந்து நாசிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற யூத அறிஞர் கேர்ட் லெவின், 1946ஆம் ஆண்டின் கோடையில், கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். இனப் பகையையும் மதப் பகையையும் தணிக்கும் பணியில் ஈடுபடுவோரைப் பயிற்றுவதே அதன் நோக்கம். பகலில் நடந்தவற்றைக் குறித்துவைத்த ஆய்வாளர்கள் மாலையில் தமக்குள் கூடி ஆராய்வது வழக்கம். ஒரு மாலை, பயில வந்தோர் சிலரும் அங்கே வந்து அமர அனுமதி கேட்டனர், லெவின் இசைந்தார். தம்மைப் பற்றிய குறிப்பொன்று வாசிக்கப்பட்டபோது ஒரு பெண்மணி இடைமறித்து, “அப்படியன்று, நடந்தது வேறு” என்றார். வாக்குவாதம் எழுந்தது. மறுநாள் மாலை இன்னும் பலர் வந்தனர். பகற் பாடங்களினும் அந்த மாலைப் பேச்சே மிகுந்த பயன் தருவதை ஆய்வாளர் உணர்ந்தனர். லெவின் 1947 பெப்ரவரியில் இறந்தார். அவ்வாண்டுக் கோடையிலேயே அவர்தம் சகாக்களான பிராட்ஃபோர்ட், பென், லிப்பிட் ஆகிய மூவரும் மெயின் மாநிலத்துப் பெதெல் என்ற ஊரில் இப்பயிற்சியை முறையாகத் தொடங்கினர். இந்தியாவில் உதய் பரீக் முதலியோரின் முயற்சியால் 1970களின் தொடக்கத்தில் இதற்கெனவே ஒரு சங்கம் தோன்றியது.

இனப் பகை தணிக்கப் பிறந்த கலை இது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். பிற்காலத்தில் கலிபோர்னியாவில் இது ஓர் உல்லாசப் பொழுதுபோக்காகவும் ஆயிற்று. அதைப்பற்றி எனக்கு அதிக மதிப்பில்லை.

இனி, என் கதைக்கு வருகிறேன். வட்டத்துட் பேசப்பட்டது வெளியே செல்லலாகாது என்பது அங்கே விதி. நான் எழுதப் புகுவது என் பிழையையே. அதிற் சம்பந்தப்பட்ட மாணவரிடம் அனுமதியும் பெற்றுள்ளேன்.

இரண்டாம் நாள் முற்பகல், சிங்கள மாணவர் ஒருவர் எதிரிலிருந்த தமிழ் மாணவரை நோக்கி, “நீ பேசும்போது எல்லாரையும் பார்க்கிறாய், என்னை மட்டும் பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் வருகிறது” என்றார். ‘தரஹ’ என்ற சொல்லையே அவர் சொன்னார். நான் தமிழாக்கினேன்: “தங்கள் பார்வை தம்பால் திரும்பாமை அவருக்குச் சிறிது மனவருத்தம் அளிக்கின்றது.” தமிழ் மாணவர் தலை தாழ்த்தி, “மன்னிக்க வேண்டும்” என்றார். பேச்சு அவ்வளவில் முடியவிருந்தது. அப்பொழுது இரு மொழியும் அறிந்த மாணவி ஒருத்தி என்னை நோக்கி, “சேர், அவர் வருத்தம் என்று சொல்லவில்லை. கோபம் என்றுதான் சொன்னார். நேற்றுக் காலை தொடக்கம் நீங்கள் எல்லாருடைய கோபத்தையும் வருத்தமாக மாற்றிக்கொண்டு இருக்கிறீர்கள்” என்றாள்.

என் காது சுட்டது. சினம், சீற்றம், வெகுளி, வெஞ்சினம், செற்றம் என்று நிகண்டு வழியில் ஒரே மூச்சிற் சொல்லவல்லவன் நான். அச்சொற்களுள் ஒன்றேனும் அந்த இரண்டு நாளில் என் வாயில் வரவில்லை. மறுத்துரைக்க வாயெடுத்தேன். பயிற்றுநர், “மற்றவர்களும் அவ்வாறு கண்டீர்களா?” என்று வினவினார். நால்வர் ஆமெனத் தலையசைத்தனர்.

மாணவி அச்சொற்றொடரைத் தானே மொழிபெயர்த்தாள். கோபம் கோபமாகவே சென்று சேர்ந்ததும் தமிழ் மாணவரின் முகம் மாறியது. “என் சிங்களம் பிழையானது. நீ முதல் நாள் சிரித்தாய். நீ மறுபடியும் சிரிப்பாயோ என்றுதான் உன்னைப் பார்ப்பதில்லை” என்றார். மற்றவர் திகைத்து, தாம் சிரித்தது வேறொன்றுக்கு என்றார். அதன்பின் நெடுநேரம் அவ்விருவரே பேசினர். என் ‘மனவருத்தம்’ நிலைத்திருந்தால் ஒரு பொய்யான மன்னிப்போடு இருவரும் எழுந்து போயிருப்பர்.

திருக்குறளிற் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன; ஒன்று பொருட்பாலில் எழுபத்தொன்றாவது, மற்றது காமத்துப்பாலில் நூற்றுப்பத்தாவது. பிறர் முகத்தைப் படிக்கும் வித்தை அது. அதனை ஆண்டாண்டாக நான் கற்பித்து வந்தேன். என் முகமும் என் சொல்லும் பிறருக்குக் காட்டும் குறிப்பை அறியும் வழி யாதென்று ஒரு மாணவனும் என்னை வினவியதில்லை, நானும் எண்ணியதில்லை. 1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரி இங்காம் என்னும் இருவர் தம் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்து ‘ஜோஹாரி சாளரம்’ என ஒன்றை வரைந்தனர். நான்கு கண்ணாடிகளையுடைய அச்சாளரத்தில் ஒன்று, பிறர் காண்பதும் நாம் காணாததுமாகிய நம் பகுதி. முதுகிலுள்ள மச்சம் போல என்று நான் விளங்கிக்கொண்டேன். எதிரிலிருப்பவர் வாய் திறந்தாலன்றி அதனை அறிய வேறு வழி இல்லை.

உளவியல் மாணவருக்கு இது ஏன் வேண்டும் என்பது இப்போது எனக்கு ஐயமில்லை. நாளை துயருற்ற ஒருவர் அவர்முன் வந்து, “எனக்குக் கோபம்” என்பார். கேட்பவர் என்னைப் போலக் கோபத்தைக் கண்டு அஞ்சுபவராயின், அதை வேறொன்றாக மாற்றி எழுதிக்கொள்வார்.

எனினும் இம்முறையை எல்லாருக்கும் எப்பொழுதும் நன்றென்று சொல்ல நான் துணியேன். லீபர்மன், யாலம், மைல்ஸ் என்னும் மூவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் இருநூற்றுக்கு மேற்பட்டோரை இத்தகைய குழுக்களில் அமர்த்தி ஆராய்ந்து 1973இல் நூல் வெளியிட்டனர். அவருள் 16 பேர் நீடித்த உளப்பாதிப்புக்கு ஆளாயினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. மாணவரை உலுக்கி, தாக்கி, மனந்திறக்க நெருக்கிய தலைவர்களின் குழுக்களில் அக்கேடு மிகுந்தது. பரிவு காட்டி, நடந்ததன் பொருளை விளக்கிய தலைவர்களின் குழுக்களே நற்பயன் தந்தன. ஆதலின் வட்டத்தில் அமர்வது மாணவரின் சொந்த விருப்பாதல் வேண்டும். பரீட்சைப் புள்ளி இடுபவர் அவ்வட்டத்தில் இருத்தலாகாது. பேச விரும்பாதவரை ஊமையென்று இகழ்தலும் ஆகாது. எங்கள் வட்டத்தில் ஒரு பையன் மூன்று நாளும் பத்து வார்த்தைக்கு மேற் பேசவில்லை. பயிற்றுநர் அவனைத் தொந்தரவு செய்யவேயில்லை. அதற்காகவே அவர்மீது எனக்கு மதிப்புண்டாயிற்று.

மூன்றாம் நாள் பிற்பகல் வீட்டுக்கு மீண்டேன். மனைவி திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கோபத்தை வருத்தமாக்கும் வழக்கம் வீட்டிலும் எனக்குண்டோ என்று, இல்லையென்னும் விடையை எதிர்பார்த்தே கேட்டேன். அவள் சுளகை நிறுத்தவில்லை.

“இருபத்தாறு வருஷமாக நான் கோபிக்கும்போதெல்லாம், ‘களைத்துப் போனாய், போய்ப் படு’ என்றுதானே சொல்லுகிறீர்கள்?” என்றாள்.

எதற்காகவெல்லாம் கோபித்தாய் என்று கேட்டேன். சுளகைக் கீழே வைத்தாள். கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எனக்கெதிரே அமர்ந்தாள்.