எஸ்எஸ்டி பொருத்தியதும் கணினி தொடங்கவில்லையா? வட்டை அழிக்கும் முன் 'பூட்' வரிசையைச் சரிபாருங்கள்

திருப்பதி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. புதிய கணினி வாங்க இயலாதவர்களுக்கு உள்ள ஒரு வழி, தகுதியுள்ள பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்குடன் வேகமான எஸ்எஸ்டி ஒன்றையும் சேர்த்து, அதில் விண்டோஸ் 11 நிறுவுவதாகும். இருவகை வட்டுகள் ஒன்றாக இயங்கத் தொடங்கும்போதுதான் சிக்கலும் எழுகிறது. 'பூட் டிவைஸ்' கிடைக்கவில்லை என்ற செய்தியுடன் திரை நின்றுவிடுகிறது.

திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடாயினும், சித்தூர் மாம்பழக்கூழ் வணிகரின் ஆண்டுக் கணக்காயினும், இந்த நேரத்தில் அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தால் பறிபோகக் கூடும். பெரும்பாலான நேரங்களில் தரவுகள் அழிந்திருப்பதில்லை. கணினி தவறான வட்டில் இயங்குதளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு முறைகள், ஒரு குழப்பம்

பழைய பயாஸ் முறையில், வரிசையில் முதலில் உள்ள வட்டின் முதல் 512 பைட்டுகளைக் கணினி படிக்கும். எம்பிஆர் எனப்படும் அப்பகுதியே இயங்குதளத்துக்கு வழிகாட்டும். புதிய யுஇஎஃப்ஐ முறையிலோ, வட்டில் தனியாக ஒதுக்கப்பட்ட சிறு பகுதியில் உள்ள தொடக்கக் கோப்பை அது தேடும். இதற்கு வட்டு பொதுவாக ஜிபிடி அமைப்பில் இருக்கும்.

விண்டோஸ் 11க்கு யுஇஎஃப்ஐ தேவை என்பதால் பலர் அமைப்பை மாற்றுகின்றனர். உடனே, எம்பிஆர் முறையில் இயங்கிய பழைய வட்டு பூட் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். பழைய முறைக்குத் திரும்பினால் அது மீண்டும் தெரியும்.

திறவுகோல் பழைய வட்டில்

ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும்போதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவினால், தொடக்கக் கோப்புகள் பழைய வட்டிலேயே எழுதப்படக்கூடும். வீடு புதியது, திறவுகோல் பழைய வீட்டில் என்ற நிலை இது. பின்னர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாலோ, அழித்தாலோ, எஸ்எஸ்டியால் தனியாகத் தொடங்க முடியாது.

நிறுவும் வேளையில் பழைய வட்டின் கேபிளைக் கழற்றிவைப்பதே இதற்கு எளிய தடுப்பு. ஏற்கெனவே இவ்வாறு நேர்ந்திருந்தால், 'பிசிடிபூட்' என்ற கட்டளை மூலம் தொடக்கக் கோப்புகளை எஸ்எஸ்டியில் உருவாக்குமாறு பழுதுநீக்குநரிடம் கேட்கலாம்.

வட்டே தெரியாவிட்டால்

எம்.2 வடிவ எஸ்எஸ்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், சாட்டா, என்விஎம்இ என இருவகைப்படும். சாட்டா வகையை மட்டும் ஏற்கும் மதர்போர்டு, என்விஎம்இ வட்டை அடையாளம் காணாது. சில மதர்போர்டுகளில் எம்.2 இடம் நிரம்பியதும் ஓரிரு சாட்டா இணைப்புகள் செயலிழக்கும். ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை வேறு இணைப்புக்கு மாற்றினால் போதும்.

மின்தடையும் பொத்தான் பேட்டரியும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்தடைக்குப் பிறகு வரிசை தானாக மாறியிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைக் கவனிக்க வேண்டும். பல கணினிகளில் மின்சாரம் இல்லாதபோது அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது அதுவே. அது தீர்ந்தால் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, பழைய வட்டு முதலிடத்துக்கு வந்துவிடலாம். தேதியும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், பேட்டரி தீர்ந்ததற்கான அறிகுறி அது.

சரிபார்க்கும் முறை

• பென் டிரைவ் உள்ளிட்ட வெளிக்கருவிகளை அகற்றுங்கள்.

• கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குச் செல்லுங்கள். நிறுவனத்துக்கேற்ப விசை மாறுபடும்.

• இரு வட்டுகளும் பட்டியலில் உள்ளனவா எனப் பாருங்கள். இல்லையெனில் கணினியை அணைத்து, கேபிள்களைச் சரிபாருங்கள்.

• இரண்டும் இருந்தால், எஸ்எஸ்டியின் பெயருடன் உள்ள 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்தில் வைத்துச் சேமியுங்கள்.

• பிட்லாக்கர் பாதுகாப்பு இருந்தால், அமைப்புகளை மாற்றும் முன் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கையில் வைத்திருங்கள். மாற்றத்துக்குப் பிறகு கணினி அதைக் கேட்கக்கூடும்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை தொடர்ந்து வந்தால், அது வரிசைக் கோளாறு அல்ல. வட்டே பழுதடைந்து வருகிறது. உடனே கணினியை அணைத்துவிட்டு, தரவு மீட்பு வல்லுநரை அணுகுவதே பாதுகாப்பானது. எதுவாயினும், தரவுகளின் நகல் வேறிடத்தில் இருப்பதை உறுதிசெய்யாமல் ஃபார்மேட் செய்ய ஒப்புதல் அளிக்க வேண்டாம்.