மலைச்சரிவில் எதிர்ப்பாரம்

துலா போட்டுத் தண்ணீர் இறைக்கும் கிணறுகளைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். துலாவின் ஒரு முனையில் வாளி தொங்கும். மறு முனையில் கனத்த கல் கட்டப்பட்டிருக்கும். ஆடுகாலின் மேல் துலா சமனாக ஆடுவதற்கு அந்தக் கல்லே காரணம். கல்லை அவிழ்த்துவிட்டால், நிரம்பிய வாளி துலாவையே கீழே இழுத்துவிடும். முன்புறத்தில் வாளி பூட்டிய சிறு உழவு இயந்திரத்திற்கும் இந்நியதி பொருந்தும்.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் இவ்வுண்மை உயிரோடு தொடர்புடையது. வடகீழ்ப் பருவ மழை தொடங்கினால் பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளில் மண் இளகிவிடும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடிய துயரத்தை ஊவா மறக்கவில்லை. அத்தகைய பேரழிவு நேராத ஆண்டுகளிலும் தோட்டப் பாதைகளில் மண் சரிந்து விழுவது வழக்கம். அதை அகற்ற வரும் இயந்திரமும் அதே சரிவில்தான் நின்று வேலை செய்கிறது.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.6 மீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்க. முன் அச்சுக்கு 1.2 மீற்றர் முன்னால் வாளியில் 400 கிலோகிராம் ஈரமண் இருக்கிறது. இப்போது முன் அச்சே ஆடுகால். பின் சக்கரங்களின் மேலிருந்து 300 கிலோகிராம் பாரம் கழிந்துபோகிறது. முன் அச்சின் மேலோ 700 கிலோகிராம் கூடுகிறது. இவ்வகை இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் பின் சக்கரங்களிலேயே உள்ளது. நிலத்தை அழுத்தாத சக்கரத்தைப் பிரேக் நிறுத்தினாலும், அது ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போகும். மேலும், முன் அச்சு நடுவில் ஒரே முளையில் அசைவது. பக்கச் சாய்வைத் தடுப்பவை பின் சக்கரங்களே. அவை இலேசானால் இயந்திரம் எளிதில் புரளும்.

இதற்கு மருந்து பின்புறத்தில் பாரம் ஏற்றுவதாகும். பின் டயர்களுக்குள் நீர் நிரப்பலாம். வால்வை உச்சிக்குக் கொணர்ந்து அம்மட்டம் வரை நிரப்பினால் ஏறக்குறைய முக்கால் பாகம் நிறையும். குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்கக் கல்சியம் குளோரைட்டு சேர்ப்பர். அது இரும்பை அரிக்கும். பதுளையில் வெறும் நீரே போதும். சக்கரங்களில் வார்ப்பிரும்பு வட்டுகளைப் பூட்டுவதும் உண்டு.

ஆயினும் இவை பின் சக்கரங்களை மட்டுமே அழுத்தும். முன் அச்சின் சுமையைக் குறைக்கமாட்டா. ஹரி பெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பில், பின் அச்சுக்கு அப்பால் கொங்கிறீற்றுப் பெட்டியைத் தொங்கவிடுவது இரண்டையும் செய்யும். முற்கூறிய இயந்திரத்தில் 0.8 மீற்றர் பின்னால் 200 கிலோகிராம் தொங்கினால், இழந்த 300 கிலோகிராமும் பின் சக்கரங்களுக்குத் திரும்புகிறது. முன் அச்சிலும் 100 கிலோகிராம் குறைகிறது.

பாரம் மிகுதியாவதும் ஆபத்தே. வெறும் வாளியோடு செங்குத்துப் பாதையில் ஏறும்போது முன் சக்கரங்கள் நிலத்தைவிட்டு எழக்கூடும். ஆதலின் உற்பத்தியாளர் கைநூலில் குறித்த அளவைக் கடத்தலாகாது. மண் வாரும் வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றிவிடல் வேண்டும். பாரம் இருக்கிறதென்ற துணிவில் வாளியை உயர்த்தியபடி ஓட்டுதலும் தவறு. நிரம்பிய வாளி நிலத்தை ஒட்டியே செல்லவேண்டும். மேட்டுப் பக்கத்தையே நோக்கியிருக்கவேண்டும். எனவே ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும் ஓட்டுவதே முறை. சரிவுக்குக் குறுக்கே செல்லல் ஆகாது.

எதிர்ப்பாரம் கூடுதல் மண்ணை அள்ளுவதற்கு அன்று. அள்ளிய மண்ணோடு சாரதி பத்திரமாக இறங்கிவருவதற்கே. துலாவில் கல் கட்டிய முன்னோர் அறிந்திருந்த சமநிலை, இன்று இயந்திரம் ஓட்டும் இளைஞனுக்கும் வேண்டும். வாளியை நிரப்புமுன் பின்னால் என்ன பாரம் இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு கணமே ஆகும்.