கைப்பேசி எழுதிய கட்டுரையும் பாட்டி சொன்ன கதையும்



தோட்டத்திலிருந்து ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒருவர் நீல நிற விமானத் தபால் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டு வாசலுக்கு வருவார். வாத்தியார் பேனாவைத் திறந்து, "சொல்லுங்கம்மா" என்பார். அவர் சொல்லச் சொல்ல எழுதுவார். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துக் காட்டுவார். "தம்பிக்கு வெள்ளி அனுப்பினதைச் சொல்ல விட்டுப்போச்சே" என்பார் அம்மா. அதுவும் ஓரத்தில் ஏறும். கையெழுத்து வாத்தியாருடையது, கடிதம் அந்த அம்மாவுடையது. நாம் சிறுவர்களாய் இருந்தபோதுகூட இந்த வழக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சியிருந்தது.

இன்று அந்த வாத்தியாரின் நாற்காலியில் கைப்பேசி வந்து உட்கார்ந்துவிட்டது. கடிதம் வேண்டுமா, விண்ணப்பம் வேண்டுமா, இணையத்தில் வலைப்பூ என்று சொல்கிறார்களே, அதில் போட ஒரு கட்டுரை வேண்டுமா? ஒரு வரி கேட்டால் போதும், நான்கு பத்தி வந்து விழுகிறது. செயற்கை நுண்ணறிவு எழுத்துக் கருவி என்று இதற்குப் பெயர். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சேட்ஜிபிடி என்பது பொதுமக்கள் கைக்கு வந்தபின் இவ்வகைக் கருவிகள் உலகெங்கும் பரவின. பிறகு ஜெமினி, கிளாட் என்று வேறு சிலவும் வந்தன. நம் பிள்ளைகள் இவற்றை நன்றாகவே அறிவார்கள். ஆனால் இந்தப் புது வாத்தியார் எப்படி எழுதுகிறார் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இங்கு நாங்கள் அனைவரும் நலம்" என்று ஒருவர் தொடங்கினால், அடுத்த வரியை நம் வாய் தானாகவே முடித்துவிடுகிறது அல்லவா? அந்த வீட்டுக்காரரை நாம் பார்த்ததில்லை. அவர் நலமாக இருக்கிறாரா, காய்ச்சலில் கிடக்கிறாரா என்பதும் தெரியாது. ஆயினும் இப்படித் தொடங்கும் கடிதங்களை எத்தனையோ முறை கேட்டிருப்பதால் அடுத்த சொல் நமக்கு வந்துவிடுகிறது. கருவி செய்வதும் ஏறக்குறைய இதுவே. மனிதர்கள் எழுதி வைத்த கோடிக்கணக்கான பக்கங்களைக் கணினிகளுக்குள் செலுத்தி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று பழக்கியிருக்கிறார்கள். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முறைதான் இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் சொல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துக்கொண்டே போகிறது. சில கருவிகள் இணையத்தில் தேடிப் பார்த்தும் சொல்லும். ஆனால் இணையத்திலேயே இல்லாத ஒன்றை எங்கே போய்த் தேடும்?

இதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம்.

நம்மிடம் படித்து, இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கும் ஒரு பெண். அவளுடைய குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே தோட்டத்தில் இருந்தது. பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு லயங்களும் போய்விட்டன. குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. பிரிந்தவர்கள் எல்லாரும் படிக்கும்படியாக இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, தோட்டத்தைப் பற்றியும் தன் பாட்டியைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. நல்ல ஆசைதான். கைப்பேசியிடம் தோட்டத்தின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொல்லி, "உருக்கமாக எழுது" என்றாள். அது உருக்கமாகவே எழுதித் தந்தது. வெளியிடுமுன் பிழை பார்த்துத் தரும்படி நம்மிடம் கொண்டுவந்தாள். பாட்டிக்கும் படித்துக் காட்டுவோமே என்று அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

முதல் பத்தியில் பனிபடர்ந்த மலைச்சரிவில் பாட்டி கூடையைச் சுமந்து தேயிலைக் கொழுந்து கிள்ளினார். பாட்டி சிரித்துவிட்டார். "நான் எங்கே வாத்தியாரே கொழுந்து கிள்ளினேன்? விளக்கைக் கட்டிக்கிட்டு விடியுமுன்னே மரம் வெட்டினவ நான்" என்றார். இரண்டாம் பத்தியில் அவருடைய தந்தையார் ஜப்பான்காரர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய், துன்பமெல்லாம் அனுபவித்து, போர் முடிந்ததும் திரும்பி வந்து குடும்பத்தோடு மகிழ்ந்திருந்ததாக எழுதியிருந்தது.

பாட்டி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அவருடைய தந்தையார் திரும்பி வரவே இல்லை. 1943இல் போனவர் போனவர்தான். அப்போது பாட்டிக்கு ஒரு வயது. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் மிகப் பலருக்குப் பெயர்ப்பலகை வைத்த கல்லறைகூட இல்லை. பாட்டியின் தந்தையார் எந்த முகாமில் விழுந்தார் என்பது இன்றுவரை அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. "செத்தவரை வரவழைச்சுப் புட்டுதே உன் போனு" என்று மட்டும் பேத்தியிடம் சொன்னார். அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

கருவி வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. தமிழில் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இலங்கை மலையகத்துத் தேயிலையும் நீலகிரித் தேயிலையும் நிறைய இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டிலும் கேமரன் மலையில் தேயிலை உண்டுதான். ஆகவே "தோட்டம்", "தமிழ்ப் பாட்டி" என்றதும் கொழுந்தும் கூடையும் வந்துவிட்டன. உருக்கமான கதை என்றால் துன்பத்துக்குப் பின் இன்பம் வந்து முடிவது வழக்கம்; எனவே போனவரும் திரும்பி வந்துவிட்டார். பாட்டியைப் பற்றி எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் அழகாக இட்டுக்கட்டிவிட்டது. "இது தவறு" என்று அந்தப் பெண் எழுதியதும் மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டு, தந்தையார் மலேரியாவில் இறந்ததாக மாற்றித் தந்தது. அதையும் யார் கண்டார்கள்?

இன்னொரு சங்கடம் நம் பேச்சுத் தமிழ். "மரம் வெட்டினேன்" என்றால் பால் எடுக்கச் சீவினேன் என்று நம் தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். கருவியோ பாட்டி காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்ததாகப் பொருள்கொள்ளும். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், கிராணி என்ற சொற்களைக் கண்டால் சில வேளை பிழை என்று எண்ணித் திருத்திவிடும். திருத்தி வைத்தது பார்வைக்கு நல்ல தமிழாகவே இருக்கும். பயிற்சிக் கல்லூரியில் படித்த நாமே சில இடங்களில் ஏமாந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்னாளில் தோட்டத்துச் செய்திகளைத் தாங்கி வர நாளிதழ்கள் இருந்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. லயமும் இல்லை, ஏடும் இல்லை என்ற நிலையில், நம் பிள்ளைகள் இணையத்தில் எழுதும் பக்கம் ஒன்றே ஒரு தோட்டத்துக்கு மிஞ்சும் சான்றாக இருக்கக்கூடும். அதில் தேயிலைக் கூடை ஏறிவிட்டால் நாளைக்கு யார் இறக்கி வைப்பது? அதிலும் ஒரு விந்தை உண்டு. இன்று இணையத்தில் போடுவதை நாளை செய்யப்படும் கருவிகளும் படித்துப் பழகக்கூடும். இட்டுக்கட்டியதே சான்றாகி, அடுத்த பிள்ளைக்கும் அதே கதை போய்ச் சேரும்.

அப்படியானால் கருவியை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? வேண்டியதில்லை. வேலையை மாற்றிக் கொடுத்தால் போதும். அடுத்த சனிக்கிழமை நாங்கள் செய்ததைச் சொல்கிறோம்.

பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்தோம். கூகுள் குரல் தட்டச்சில் 2017 முதல் தமிழ் உண்டு. மொழிப் பட்டியலில் மலேசியத் தமிழ் என்றே தனியாகவும் இருக்கிறது. பாட்டி பேசப் பேச அது எழுத்தாகியது. பிழைகள் ஏராளம். தோட்டத்துச் சொற்கள் வந்த இடமெல்லாம் தடுமாறியது. பேத்தி அவற்றைக் கையால் சரிசெய்தாள். நினைவில் கொள்ளுங்கள், இதுவரை கருவியை எதையும் எழுதச் சொல்லவில்லை. இருப்பது முழுவதும் பாட்டியின் வாய்ச்சொல்.

அதன் பிறகே எழுத்துக் கருவியிடம் கொடுத்தோம். அதற்கு இட்ட கட்டளையை அப்படியே சொல்கிறோம், வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம். "இது என் பாட்டி சொன்னது. எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் மட்டும் திருத்து. புதிய செய்தி எதையும் சேர்க்காதே. பாட்டியின் சொற்களை வேறு சொற்களாக மாற்றாதே. எதையெல்லாம் திருத்தினாய் என்று தனியாக எழுதிக் காட்டு." கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. அந்தப் பட்டியல் இருந்தால் சரிபார்ப்பது எளிது. அதற்காகப் பட்டியலை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது, அதிலும் விடுபடும். பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பார்த்தோம். இரண்டு இடத்தில் "மங்கு" என்பதைக் "கிண்ணம்" ஆக்கியிருந்தது. மாற்றாதே என்று சொல்லியும் மாற்றியது! மீண்டும் மங்காக்கினோம்.

போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறோம். அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி இவற்றைக் கருவியிடம் கொடுக்க வேண்டாம். பழைய கூலிச் சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் அதிலுள்ள எண்களை மறைத்துவிடுங்கள்.

பிழைகள் திருத்தி முடிந்ததும், "இதைப் படிக்கிறவருக்கு எழக்கூடிய பத்துக் கேள்விகளைக் கேள்" என்று கருவியிடம் சொன்னாள் அந்தப் பெண். இதுதான் நமக்கு மிகவும் பிடித்த வேலை. பத்தில் ஏழு உப்புச்சப்பில்லாதவை. பாட்டிக்குப் பிடித்த உணவு எது என்று ஒன்று. ஆனால் எட்டாவது கேள்வி இப்படி இருந்தது: தந்தை போனபின் அவர் பயன்படுத்திய பொருள் ஏதாவது வீட்டில் இருந்ததா?

பேத்தி படித்துக் காட்டினாள். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கத்தி இருந்துச்சு" என்றார். தந்தையாரின் பால்வெட்டுக் கத்தி. அதை எடுத்துக்கொண்டுதான் அவருடைய தாயார் மறுவாரமே பெரட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். அந்தக் கத்தியைத் தீட்டித் தீட்டி அலகு பாதியாய்த் தேய்ந்துபோன பின்னும் வேறு கத்தி வாங்க மனம் வரவில்லையாம். பெற்ற பிள்ளைகளிடம்கூட இதைச் சொன்னதில்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "யாரும் கேக்கலையே வாத்தியாரே" என்றார்.

அந்த வரி இப்போது பேத்தியின் பக்கத்தில் இருக்கிறது, "கேக்கலையே" என்றே இருக்கிறது. கருவி "கேட்கவில்லையே" என்று மாற்றிக் கொடுத்தது; அவள் ஏற்கவில்லை. தேயிலைக் கட்டுரையை அழித்துவிட்டாள். தந்தையார் இறந்த இடம் என்ற வரிக்கு நேரே "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாள். வரும் சனிக்கிழமை பாட்டி ஆயாக்கொட்டகையைப் பற்றிச் சொல்வதாக இருக்கிறார். நாமும் போகிறோம்.