பூட்டுக்கு மேல் ஒரு பூட்டு

பினாங்கு, ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகள் பல உள்ளன. அங்கு வாழும் ஒருவர் தம் வீட்டுச் சாவியை உறவினரிடமோ நண்பரிடமோ விரும்பியபடி கொடுக்கலாம். ஆனால், அதே கட்டடத்தின் மின்தூக்கி இயந்திர அறைக்குள் யாரையும் அனுப்ப அவருக்கு உரிமை இல்லை. அதற்கான விதியை வகுப்பது கட்டட நிர்வாகம்.

கணினியின் இயங்குதளத்திலும் இவ்விரு முறைகளும் உண்டு. கோப்பின் உரிமையாளரே அதை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என முடிவுசெய்வது விருப்ப அணுகல் கட்டுப்பாடு எனப்படும். இதில் ஒரு குறை உண்டு. பயனர் இயக்கும் செயலி, அவருக்குரிய உரிமைகளைத் தானும் பெற்றுவிடுகிறது. அச்செயலிக்குள் நச்சுநிரல் புகுந்தால், அவர் திறக்கக்கூடிய கோப்புகளை எல்லாம் அதுவும் திறந்துவிடும்.

இக்குறையை ஈடுசெய்வதே கட்டாய அணுகல் கட்டுப்பாடு. இம்முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் இயங்கும் ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அடையாளக் குறி இடப்படுகிறது. எந்தக் குறியுடைய செயலி எந்தக் குறியுடைய கோப்பைத் தொடலாம் என்பதை விதித்தொகுப்பு கூறும். அதில் அனுமதிக்கப்படாத செயலை இயங்குதளத்தின் மையப்பகுதி மறுத்துவிடும். சாதாரணப் பயனர் விரும்பினாலும் அவ்விதியை மாற்ற இயலாது. எடுத்துக்காட்டாக, இணையப் பக்கங்களை வழங்கும் செயலி ஊடுருவிகளிடம் சிக்கினாலும், கடவுச்சொற்கள் உள்ள கோப்பை அதனால் படிக்க முடியாது. இதனால், சேதம் ஓர் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

இராணுவ இரகசியங்களைக் காக்கும் தேவையே இச்சிந்தனையை வளர்த்தது. 1973இல் அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் பெல், லெனர்ட் லபாதுலா ஆகிய இருவரும் இதற்கான கணித மாதிரியை உருவாக்கினர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, 'எஸ்இலினக்ஸ்' எனும் அமைப்பைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. 2003இல் அது லினக்ஸ் மையப்பகுதியில் இணைந்தது. 2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் திறன்பேசிகளிலும் முழுமையாகச் செயல்படுகிறது.

இதனைக் கற்க விரும்பும் மாணவர், லினக்ஸ் கணினியில் முதலில் கண்காணிப்பு நிலையைப் பயன்படுத்தலாம். அந்நிலையில் விதிமீறல்கள் தடுக்கப்படாமல் பதிவு மட்டுமே செய்யப்படும். அப்பதிவுகளை ஆராய்ந்து விதிகளைச் சீர்செய்தபின், தடுக்கும் நிலைக்கு மாறலாம். இடையில் ஒரு செயலி இயங்க மறுத்தால், பொறுமையிழந்து பாதுகாப்பையே முடக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. தேவையான ஒரு விதியை மட்டும் திருத்துவதே முறை.

எனினும், மோசடிக்காரரிடம் பயனரே கூறிவிடும் கடவுச்சொல்லை எந்த விதித்தொகுப்பாலும் காக்க இயலாது. கணினியின் விதியும் பயனரின் விழிப்பும் சேர்ந்ததே முழுமையான பாதுகாப்பாகும்.