கணினிக்குள் ஒரு நடை – 9: போர்டை மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

2018, 2019 வாக்கில் அசெம்பிள் செய்த ஒரு கேமிங் கணினியை ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய், "இதை அப்கிரேடு பண்ணணும்" என்று சொல்லிப் பாருங்கள். பெட்டியின் மூடியைக் கழற்றும் முன்பே பல கடைகளில் பதில் வந்துவிடும். "இது பழைய ஜெனரேஷன் சார். போர்டு, ப்ராசசர், ராம் மூணையும் மாத்திடுங்க. கார்டை அப்புறம் பாத்துக்கலாம்." கடைக்காரர்மேல் தப்பில்லை. மூன்றும் சேர்ந்து விற்றால் அவருக்கு நாலு காசு பார்க்கலாம். புதுச் சாமான் என்பதால் பிற்பாடு தலைவலியும் குறைவு. ஆனால் கையில் முப்பதாயிரம் ரூபாயை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் கல்லூரி மாணவன் இந்த யோசனையைக் கேட்டால், காசு மொத்தமும் கரைந்துவிடும். திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழசாகவே இருக்கும். வீட்டுக்கு வந்து கேமை ஓட்டினால் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது.

என் தங்கை மகனுடைய கணினி இதற்கு நல்ல உதாரணம். ரைசன் 5 2600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், கேபினட்டோடு ஓசியாக வந்த எஸ்எம்பிஎஸ், 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். அந்தக் காலத்தில் சென்னையிலும் கோவையிலும் இதே சேர்க்கையில் எத்தனையோ பெட்டிகள் போயிருக்கும். பையன் கேட்டது ஒன்றுதான்: "மாமா, சைபர்பங்க் ஓடணும்."

இந்த வாக்கியத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. எந்த கேம் என்று தெரியாமல் சாமான் வாங்க முடியாது. வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை ப்ராசசரைப் பிழிபவை. சைபர்பங்க் 2077 கார்டைப் பிழியும். எது பிழிபடுகிறது என்பதை ஊகிக்கவே வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் கார்டின் உழைப்பு சதவீதத்தில் தெரியும். அது 97, 99 என்று நின்றால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. 60-இல் படுத்துக்கொண்டே கேம் திக்கித் திணறினால், கார்டு சும்மா இருக்கிறது, ப்ராசசரோ ராமோ வேலையைக் கொடுக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். இன்னொரு சோதனையும் உண்டு. ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை எகிறினால் குறை கார்டில். இறக்கியும் அசையாமல் நின்றால் குறை ப்ராசசர் பக்கம்.

பையனுடைய பெட்டியில் சைபர்பங்கில் கார்டு 99-லேயே நின்றது. வேலரண்டில் கார்டுக்கு வேலையே இல்லை. ஆனால் மானிட்டர் வினாடிக்கு 75 படங்களுக்கு மேல் காட்டப் போவதில்லை என்பதால் அங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. ஆக முதல் செலவு கார்டுக்குத்தான். ஆனால் புது கார்டு வந்ததும் பாரம் ப்ராசசர் பக்கம் நகர்ந்துவிடும். அதை இதே போர்டு தாங்குமா என்பதுதான் அடுத்த கேள்வி.

இங்கேதான் ஏஎம்4 சாக்கெட்டின் கதையைச் சொல்ல வேண்டும். முதல் ரைசன் 2017 மார்ச்சில் இந்த சாக்கெட்டில் வந்தது. 2020 வரை இதை ஆதரிப்போம் என்றது ஏஎம்டி. அதே 2017-இல் இன்டெல் எட்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தது. சாக்கெட்டில் அதே 1151 தொடுமுனைகள்தான். ஆனாலும் முந்தைய 200 வரிசை போர்டில் அது ஓடாது, புது போர்டு வாங்கியே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த எரிச்சலில் ஏஎம்டி பக்கம் சாய்ந்தவர்கள் நிறைய. அவர்களுக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. 2020 மே மாதம், அடுத்து வரும் ஜென் 3 ப்ராசசர்கள் பி450 போர்டில் வேலை செய்யாது என்று ஏஎம்டி அறிவித்தது. பயாஸ் சிப்பில் இத்தனை தலைமுறைகளின் விவரத்தையும் அடைக்க இடமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. பி450-க்கும் வழி திறந்தது. 2022-இல் இன்னும் ஒரு படி போய், 2017-இன் ஏ320, பி350 போர்டுகளுக்கும் அனுமதி கிடைத்தது. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டு ஒரு சிப் நிறுவனத்தின் முடிவை மாற்றியது அபூர்வம். அதன் பலனைத்தான் அந்தப் பழைய பெட்டிகள் இன்றைக்கும் அனுபவிக்கின்றன.

ஆகவே 2018-இன் பி450 போர்டில், அந்த ஜென் 3 வகையில் 2022-இல் வந்த ரைசன் 5 5600 தாராளமாக உட்காரும். பழைய 2600-க்கும் ஆறு கோர், இதற்கும் ஆறு கோர். அப்படியானால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2600-இல் அந்த ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு பிரிவுக்கும் 8 எம்பி எல்3 கேஷ். ஒரு பிரிவில் இருப்பவன் மற்றதில் உள்ள தகவலைக் கேட்டால் சுற்றிப் போய் எடுத்துவர வேண்டும். 5600-இல் ஆறு கோர்களும் ஒரே கூட்டுக்குடும்பம். 32 எம்பி கேஷ் எல்லாருக்கும் பொது. கேம்களுக்கு இது பெரிய வித்தியாசம், அதிலும் குறிப்பாக இடையிடையே வெட்டி வெட்டி நிற்கிற அந்தத் திணறல் குறையும்.

பெயரில் ஏமாந்துவிடக் கூடாது. 5500, 5600ஜி, 5700 ஆகிய மூன்றும் மடிக்கணினி வழியில் பிறந்த வேறொரு சிப். எல்3 கேஷ் 16 எம்பிதான். 5700 என்பது 5600-ஐ விடப் பெரிய எண்ணாக இருந்தாலும் பல கேம்களில் 5600-க்குப் பின்னால் நிற்கும். எக்ஸ் என்ற எழுத்து சேர்ந்த 5700எக்ஸ் வேறு சாமான், அதில் 32 எம்பி முழுசாக உண்டு. கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். எக்ஸ்3டி என்று முடிபவற்றில் 96 எம்பி. அவை கேமுக்கென்றே செய்தவை, ஆனால் இந்த பட்ஜெட்டுக்கு எட்டாது.

கார்டுக்கு வருவோம். 1050 டிஐ-யை மாற்ற அதன் வேகம் மட்டுமே காரணமில்லை. என்விடியா தன் பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 1060, 1070, 1080 எல்லாம் இதே வரிசை. இவற்றைச் செகண்ட் ஹேண்டில் மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் இதை நினைவில் வைத்துப் பேரம் பேசுங்கள். பேரமே பேசாமல் நகர்ந்துவிட்டால் இன்னும் நல்லது.

பட்ஜெட் ஆட்கள் அதிகம் விழும் குழி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 2022 ஜனவரியில் வந்தது, மலிவு. ஆனால் போர்டோடு பேசுவதற்கு அதற்கு நான்கே பாதைகள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அது சமாளித்துவிடும். பி450 போன்ற 3.0 போர்டில் அந்த நான்கு பாதைகளின் வேகமும் பாதியாகிவிடுகிறது. 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கார்டு நொண்டுகிறது. விளையாடுவதைப் பதிவு செய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் கிடையாது. பழைய போர்டு வைத்திருப்பவர்தான் மலிவு கார்டைத் தேடுவார். அந்தக் கார்டோ பழைய போர்டில்தான் மோசமாக ஓடும். இப்படி ஒரு சாமானை யார் மனசில் வைத்துச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்கு அண்ணன் ஆர்எக்ஸ் 6600. 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி, எட்டுப் பாதை. 3.0 போர்டில் இழப்பு மிகக் குறைவு. உச்சத்தில் 132 வாட் மட்டுமே குடிக்கும். 1080 ரெசல்யூஷனுக்கு, இந்தப் பெட்டிக்கு, என் தேர்வு இதுதான். 2023-இல் வந்த ஆர்எக்ஸ் 7600 கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் அதுவும் சரி. அது 165 வாட் கேட்கும். இன்டெல்லின் ஆர்க் பி580 12 ஜிபியோடு ஆசை காட்டும். ஆனால் பழைய ப்ராசசர்களோடு சேர்த்தால் அதன் வேகம் கணிசமாக விழுவதை 2025 தொடக்கத்தில் சோதனையாளர்கள் காட்டிவிட்டார்கள். புது பெட்டிக்கு அது நல்ல கார்டு, நம் பெட்டிக்கு வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஆர்எக்ஸ் 580 இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் ஒரே நாளில் முடிவுக்கு வந்தபோது, இரவும் பகலும் உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் செய்த கார்டு என்பதாலேயே அது கெட்டதாகிவிடாது. ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினால் ஓடும். பெயரில்தான் தில்லுமுல்லு. 580 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு. அசல் 580-இல் 2304 ஷேடர்கள் இருக்க, இதில் 2048, அதாவது உள்ளே இருப்பது 570. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள், எண்ணிக்கை தெரிந்துவிடும். பயாஸை மாற்றிப் பெயர் ஒட்டிய போலிகள் பலவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். 580 அசலாகவே இருந்தாலும் ஒரு குறை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மேயில் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. 6600-இல் அது இருக்கிறது.

இனி யாரும் காசு செலவழிக்க விரும்பாத சாமான். கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்-இன் பக்கவாட்டில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்க்காதீர்கள், கீழே உள்ள கட்டத்தைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். ப்ராசசரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் வழியில்தான். 16 ஆம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 192 வாட். 6600-க்கு 132, 5600 முழு மூச்சில் ஓடும்போது 76. இரண்டுக்குமே 208 ஆகிவிட்டது. ஃபேனும் டிஸ்க்கும் இன்னும் கணக்கில் வரவில்லை. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் பெட்டி பட்டென்று அணைவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1050 டிஐ தனிக் கேபிள் இல்லாமல் போர்டிலிருந்தே 75 வாட்டுக்குள் வாழ்ந்தது, அதனால் இத்தனை வருடம் குட்டு வெளிப்படவில்லை. 6600-க்கு எட்டுப் பின் கேபிள் வேண்டும். ஓசி எஸ்எம்பிஎஸ்-இல் அது இருக்காது. கடையில் மோலெக்ஸிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைச் சில்லறை விலைக்குக் கொடுப்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள், ஒயர் உருகும். நம்பகமான நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் யூனிட்டை பில்லோடு வாங்குங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், தரத்துக்கு அது சான்றிதழ் கிடையாது. ஆகவே எத்தனை வருட வாரண்டி என்பதையும் கேளுங்கள்.

ராம் பற்றி இரண்டே வார்த்தை. ஒரே ஸ்டிக்காக இருந்தால் இன்னொன்று போட்டு இரட்டைச் சேனல் ஆக்குங்கள், பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள்; இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2400-இல் தூங்கிக்கொண்டிருக்கும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எங்கேயோ போய்விட்டது. புது ஏஎம்5 போர்டுக்கு மாறினால் டிடிஆர்5 ராமை முழுதாக வாங்க வேண்டும் என்பதால், இருக்கிற டிடிஆர்4-ஐ வைத்துக்கொள்ள இது இன்னொரு காரணம். டிஸ்க்குக்கு ஒரு எஸ்எஸ்டி. சாதாரண சாட்டா வகையே கேமுக்குப் போதும்.

முப்பதாயிரத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்காமல் போகலாம். அப்படியானால் எஸ்எம்பிஎஸ்-உம் கார்டும் முதலில். ராம் ஸ்டிக் அடுத்தது. ப்ராசசர் தீபாவளி வரைக்கும் காத்திருக்கும்.

அதை மாற்றும் நாளில் வரிசை முக்கியம். பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். புதியதைப் போட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் திரையே வராது. யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகலாம். ஏஎம்4 ப்ராசசரில் பின்கள் சிப்பின் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டதால் 11-க்கும் போக வேண்டியிருக்கும். 2600-ஏ அதற்குத் தகுதி உள்ளதுதான். சிக்கல் வேறு இடத்தில். நம்மூர் அசெம்பிள் பெட்டிகளில் டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்து விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். அதில் செக்யூர் பூட் வேலை செய்யாது. விண்டோஸ் 11-இல் வேலரண்டும், பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது. புது எஸ்எஸ்டி-யில் ஜிபிடி முறையில் புதிதாக ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

கழற்றிய 1050 டிஐ-யைத் தூக்கிப் போட வேண்டாம். தனி மின் கேபிள் கேட்காத கார்டுகளுக்கு ஒரு கூட்டம் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய டெல், ஹெச்பி கணினிகளை வாங்கி கேமிங் பெட்டியாக்க நினைப்பவர்கள் அவர்கள். அந்தப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்-ஐ இஷ்டம்போல் மாற்ற முடியாது, சிலவற்றில் முழு உயரக் கார்டு நுழையவே நுழையாது. எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)